மே மாதம் கேஸ், மார்கழியில் கரண்ட்

டொரண்டோவில் இருக்கும் என் தம்பி வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதலில் கேட்பது, குளிர்காலத்தில் ஹீட்டிங் பில் எவ்வளவு வரும் என்பதைத்தான். கேஸா, கரண்டா, வாடகையிலேயே சேர்ந்ததா என்று விசாரித்த பிறகுதான் அறைகளை எண்ணுவான். தாம்பரத்திலிருந்து புதுச்சேரி கருவடிக்குப்பத்துக்குக் குடிவந்தபோது அதே கேள்வியை நான் இப்படிக் கேட்டேன்: "அம்மா, போன டிசம்பர் கரண்ட் பில்லும் மே மாசத்து பில்லும் இருந்தா காட்டுங்களேன்."

வீட்டுக்கார அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணி வருதான்னு கேப்பாங்க, வண்டி நிறுத்த எடமிருக்கான்னு கேப்பாங்க. பழைய பில்லைக் கேட்டது நீதாம்மா" என்றபடி மேசை டிராயரிலிருந்து ஒரு கட்டையே எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டுதான் இந்தக் கணக்குக்கெல்லாம் அடிப்படை.

இந்த ஊரில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை, ஆற்றுவதற்குத்தான் செலவு. ஆனாலும் சோறு வேக வேண்டும். மார்கழியில் என் மாமியாருக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. சிலிண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் ராடு, பின்கட்டில் விறகு என்று வழி நாலு இருக்கும்போது எது கட்டுப்படியாகும் என்று பக்கத்து வீடுகளில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கேஸ் கிலோவில் வருகிறது, கரண்ட் யூனிட்டில், விறகு கட்டில். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட முடியாது. நான் எடுத்துக்கொண்ட அளவு, ஒரு வாளி வெந்நீர்.

பதினெட்டு லிட்டர் வாளி. மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்றால் அதைக் குளிக்கும் பதமான 42 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.37 யூனிட் ஆகும். இதை நீங்களே சரிபார்க்கலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1,500 வாட் ராடை வாளியில் கால்மணி நேரம் போடுங்கள். மீட்டரில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் மூன்றோ நாலோ நகர்ந்திருக்கும். (ராடின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.) அதே வாளியை அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சினால் சுமார் 43 கிராம் கேஸ் போகும். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறிய பிறகு 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 868 ரூபாய் 50 காசாக இருந்தது; புதுச்சேரியில் சில ரூபாய்தான் வித்தியாசம். கிலோ 61 ரூபாய் என்று வைத்தால் வாளிக்கு 2 ரூபாய் 60 காசு.

கரண்டில்? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து சராசரி பார்த்துப் பிரயோஜனமில்லை. புதிதாக ஒரு ராடையோ இண்டக்‌ஷனையோ சேர்த்தால் அது எப்போதும் கடைசி ஸ்லாப்பின் மேல்தான் ஏறி உட்காரும். 2024-25க்கு ஒழுங்குமுறை ஆணையம் புதுச்சேரி வீடுகளுக்கு நிர்ணயித்த விலை இது: மாதம் 100 யூனிட் வரை 2 ரூபாய் 70 காசு, 200 வரை 4 ரூபாய், 300 வரை 6 ரூபாய், அதற்கு மேல் 7 ரூபாய் 50 காசு. ஆக அதே வாளி வெந்நீர் ஒரு வீட்டில் ஒரு ரூபாய், அடுத்த வீட்டில் ஒன்றரை, மாடியில் ஏசி ஓடும் வீட்டில் 2 ரூபாய் 80 காசு. ஆளுக்கொரு பதில் வந்ததற்குக் காரணம் இதுதான். எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள், அவரவர் பில்லை வைத்து. இந்த விலைகள் அவ்வப்போது மாறும், சர்சார்ஜும் மேலே சேரும். கையில் இருக்கும் பில்லைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சமையலுக்கும் இதே வழி. ஒரு முழு சிலிண்டரில் இருக்கும் சூடு சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றிக் காற்றில் போய்விடுகிறது. இண்டக்‌ஷனில் பதினைந்து சதவீதம்தான் வீண். கழித்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் ஏறக்குறைய 140 யூனிட்டில் முடிக்கும். நான்கு ரூபாய் ஸ்லாப்பில் இது 560 ரூபாய், ஆறு ரூபாயில் 840, ஏழரையில் 1,050. கடைசி ஸ்லாப் ஆறு ரூபாயைத் தாண்டாதவரை இண்டக்‌ஷன் லாபம், தாண்டினால் கேஸ். ஆனால் 140 யூனிட்டையும் இண்டக்‌ஷனில் ஏற்றினால் அதுவே உங்களை அடுத்த ஸ்லாப்புக்குத் தள்ளிவிடும். அதனால் முழுசாக மாறாமல், 200-ஐத் தொடும்வரை மட்டும் அதில் சமைக்கிறேன்.

வீட்டுக்கார அம்மா கொடுத்த கட்டில் டிசம்பர் பில் 200 யூனிட்டுக்குள் இருந்தது. மே பில் 300-ஐத் தாண்டியிருந்தது. வெந்நீர் தேவைப்படும் மாதத்தில்தான் கரண்ட் மலிவு. கத்திரி வெயிலில் ஏசி கடைசி ஸ்லாப்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அப்போது வெந்நீரே வேண்டாம், பகலில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதனால் எங்கள் வீட்டில் மார்கழி, தையில் இண்டக்‌ஷனும் ராடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கேஸ் மட்டும். தாம்பரத்தில் இந்த வித்தை இவ்வளவு சுலபமாக ஓடவில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ் ஸ்லாப்பின் சலுகையும் சேர்ந்து குறைந்துவிடும். ஒரு மாதச் சிக்கனத்தை அடுத்த மாத ஏசி தின்றுவிடும். இங்கே மாதா மாதம் பில் என்பதால் ஒவ்வொரு மாதமும் கணக்கு புதிதாக ஆரம்பிக்கிறது. இலவச 100 போனது நஷ்டம்தான், மறுக்கவில்லை.

இண்டக்‌ஷன் வாங்குமுன் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் காந்தம் ஒட்டினால்தான் சூடேறும். அலுமினியக் குக்கர், மண்சட்டி இரண்டும் செல்லாது. இரும்புக் கல் அடி தட்டையாக இருந்தால் தோசை வார்க்கலாம், குழிந்திருந்தால் முடியாது. புதுக் குக்கர் விலையையும் சேர்த்தால் முதல் வருட லாபம் பாதி அதிலேயே போகும். அப்பளம் சுட எப்படியும் கேஸ் வேண்டும்.

சிலிண்டரை ஊர் மாற்றுவதற்கும் செலவு உண்டு. ஒரே ஊருக்குள் ஏஜென்சி மாறினால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வேறு ஊர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கி வர வேண்டும். அன்று கட்டிய டெபாசிட்தான் திரும்பும். புது ஊரில் இன்றைய டெபாசிட் கட்ட வேண்டும். 2022 ஜூனில் சிலிண்டருக்கு 1,450 ரூபாயிலிருந்து 2,200 ஆகவும், ரெகுலேட்டருக்கு 150-லிருந்து 250 ஆகவும் ஏறியது. அதற்கு முந்தைய இரட்டைச் சிலிண்டர் இணைப்பு என்றால் கையிலிருந்து குறைந்தது 1,600 ரூபாய் போகும். பழைய வவுச்சரைத் தொலைத்துவிடாதீர்கள். மொபைல் எண் பழையதாக இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்; டெலிவரிக்கு வரும் குறியீட்டு எண் அதற்குத்தான் போகும்.

ரேஷன் கார்டும் இந்தக் கணக்கில் வரும். 2023-இல் புதுச்சேரி அரசு சிவப்பு அட்டைக்கு சிலிண்டருக்கு 300 ரூபாயும் மஞ்சள் அட்டைக்கு 150 ரூபாயும் மானியம் அறிவித்தது. சிவப்பு அட்டை வீட்டில் சிலிண்டர் விலை 570 அளவுக்கு இறங்கிவிடுவதால், இண்டக்‌ஷன் லாபம் நாலு ரூபாய் ஸ்லாப்போடு நின்றுவிடும். தமிழ்நாட்டு அட்டையில் பெயர் வைத்துக்கொண்டு இதை எதிர்பார்க்க முடியாது.

விறகைச் சொல்லாமல் விட்டால் எங்கள் தெருவுக்குத் துரோகம். குயில் தோப்புப் பக்கம் ஒரு பாட்டி பின்கட்டில் செம்பு பாய்லர் வைத்திருக்கிறார். நடுக்குழாயில் கொட்டாங்குச்சியும் காய்ந்த மட்டையும் போட்டு, அடியில் ஊதுகுழலால் ரெண்டு ஊது ஊதினால் சுற்றியுள்ள தண்ணீர் காய்ந்துவிடும். வாளிக்கு ஒரு பைசா செலவில்லை, வாசலில் தென்னை இருந்தால். சவுக்கு விறகை விலைக்கு வாங்கி வெறும் அடுப்பில் எரித்தால் வாளிக்கு அரைக்கிலோ போகும், கண்ணெரிச்சல் இலவசம்.

கீசர் வைக்கலாமா என்று யோசித்தேன். கடலோர போர் தண்ணீரில் உப்பு அதிகம்; காயிலில் வெள்ளையாகப் பொருக்கு ஏறும், ஏறிய பிறகு அதே தண்ணீருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். வருடம் ஒருமுறை திறந்து சுரண்ட ஆள் கூப்பிடத் தயார் என்றால் வாங்குங்கள். கேஸ் கீசரை மட்டும் ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் மாட்டாதீர்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

வீட்டுக்குத் தனி மீட்டரா, சப்-மீட்டரா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஒரே விலை வாங்கும் வீட்டில் மார்கழியும் மேயும் ஒன்றுதான். அங்கே இண்டக்‌ஷனை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.