பாலைவனச் சாலைக்கு ஒரு கணக்கு



தூரம் ÷ வேகம் = நேரம். இது நாம் எல்லோரும் படித்த சூத்திரம்தான். இதை வைத்து ஒரு லாரிக்கு வழி போட்டுப் பார்ப்போமா?

நான் எடுத்துக்கொண்ட நாடு ஆஸ்திரேலியா. அடிலெய்டு நகரில் லோடு ஏற்றி, பெர்த் நகரில் இறக்க வேண்டும். சுமார் 2,700 கி.மீ. தூரம். நடுவில் நல்லார்பார் என்ற வறண்ட சமவெளி இருக்கிறது. லத்தீன் மொழியில் ‘மரமே இல்லை’ என்று அர்த்தம். அதைக் கடக்கும் எயர் நெடுஞ்சாலைக்கு 1976-ல்தான் முழுவதும் தார் போட்டு முடித்தார்கள். அதில் ஓரிடத்தில் 146 கி.மீ.க்கு ஒரு வளைவுகூடக் கிடையாது!

1. நேரம்: சராசரி வேகம் மணிக்கு 80 கி.மீ. என்று வைத்தால், 2,700 ÷ 80 = 33¾ மணி. ஒன்றரை நாள்தானே என்று நினைத்தேன். அது தப்பு. தென் ஆஸ்திரேலியாவில், தனியாக ஓட்டுபவருக்கு 24 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 7 மணி நேரம் ஓய்வு வேண்டும். அதையே முழு வழிக்கும் வைத்தால் 12 + 12 + 9¾. மூன்றாம் நாள்தான் போய்ச் சேரும்.

2. டீசல்: லிட்டருக்கு 2 கி.மீ. என்றால் 1,350 லிட்டர். சமவெளியில் சுமார் 200 கி.மீ.க்குள் ஒரு பங்க் வரும். இடையில் ஊர் இல்லை. தண்ணீர், ஸ்டெப்னி டயர் எல்லாம் கையோடு வேண்டும்.

3. கடிகாரம்: பெர்த் நேரம் ஒன்றரை மணி பின்னால். அங்கே கோடையில் இரண்டரை மணி.

4. தடை: 2020 ஜனவரியில் காட்டுத்தீயால் நார்ஸ்மன் பக்கம் சாலையைப் பல நாள் மூடிவிட்டார்கள். லாரிகள் அப்படியே நின்றன. அதனால் கிளம்பும் முன் சாலை நிலவரம் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கை நான் போட ஒரு காரணம் உண்டு. எங்க பெரியப்பா லாரி ஓட்டுறவர். ரெண்டு ராத்திரி தூங்காம ஓட்டி, விடியற்காலையில புளியமரத்துல மோதிட்டார். கால் எலும்பு முறிஞ்சு ஆறு மாசம் படுக்கை. “லோடு சீக்கிரம் வேணும்னு சொன்னாங்கம்மா” என்றார். நம் நாட்டிலும் 1961-லேயே, நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று சட்டம் வந்தது. ஆனால் அவருக்கு வழி போட்டவர்கள் தூரத்தையும் வேகத்தையும் மட்டும் பார்த்தார்கள். தூக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எனவே சூத்திரத்தை இப்படி மாற்றி எழுதுகிறேன்:
தூரம் ÷ வேகம் + தூக்கம் = நேரம்.

உங்களுக்கு ஒரு கேள்வி: செடூனாவிலிருந்து நார்ஸ்மன் சுமார் 1,200 கி.மீ. அதே வேகத்தில் ஒரே நாளில் போகலாமா, கூடாதா? விடையைக் காரணத்தோடு எழுதி என்னிடம் கொடுங்கள்.


– ஒன்பதாம் வகுப்பு மாணவி