கம்யூனிகேஷன் ஃபெயிலா? உங்களைத் தேடி வரட்டும்!

பி.எல்.சி. கோர்ஸ் முடித்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். லேடர் லாஜிக் தெரியும் என்று சொல்லி இனி யாரையும் முந்த முடியாது. ஆனால் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபது எனர்ஜி மீட்டரை ஒரே ஆர்.எஸ்.-485 கேபிளில் கோத்து, அத்தனை ரீடிங்கையும் ஸ்காடா ஸ்கிரீனுக்குக் கொண்டுவருகிற ஆள் கிடைப்பது கஷ்டம். அந்த மீட்டர்கள் பேசும் மோட்பஸ் 1979-இல் மோடிகான் கொண்டுவந்தது. பழசு என்று மற்றவர்கள் ஒதுக்கட்டும். அந்த இடம் உங்களுக்கு.

1. கேபிள் இழுக்கும் முன்பே தலையிடுங்கள். ஒரு மீட்டரிலிருந்து அடுத்தது, அங்கிருந்து அதற்கடுத்தது என்று டெய்ஸி செயினாகத்தான் போக வேண்டும். பவர் வயரிங் பழக்கத்தில் நடுவில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு பக்கமும் கிளை பிரித்துவிடுவார்கள். நீளமான கிளை என்றால் சிக்னல் அதன் முனையில் மோதித் திரும்பி வந்து டேட்டாவைக் கெடுக்கும். ரூட் டிராயிங்கில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ரீவொர்க் உங்கள் தலையில் விழும். ஷீல்டு போட்ட ட்விஸ்டட் பேர் கேபிள் கேளுங்கள். ஷீல்டுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். டிரைவ் மோட்டார் கேபிள் போகும் டிரே வேண்டவே வேண்டாம்.

2. மல்டிமீட்டரை எடுங்கள். பெரும்பாலானவர்கள் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள்; நீங்கள் ஜெயிக்கும் இடம் இதுதான். பவரை ஆஃப் செய்து ஏ, பி லைன்களுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். 60 பக்கம் காட்டினால் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் சரி. 120 காட்டினால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது நடுவில் கேபிள் கட். 40 என்றால் இடையில் ஏதோ ஒரு மீட்டரில் டெர்மினேஷன் சுவிட்ச் ஆனில் கிடக்கிறது. பிறகு பவர் கொடுத்து, போலிங்கை நிறுத்தி, வோல்டேஜ் பாருங்கள். 200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் லைன் சும்மா இருக்கும்போது பல ரிசீவர்கள் குழம்பும். பயாஸ் ரெசிஸ்டர் தேவை. இன்னொன்று: ஒரு கம்பெனியின் ஏ, இன்னொரு கம்பெனிக்கு பி. ஒரு மீட்டர் மட்டும் பதிலே தராவிட்டால் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். காமன் வயரையும் மறக்காமல் இணையுங்கள்.

3. அட்ரஸை டேபிளிலேயே செட் செய்யுங்கள். புது மீட்டர்கள் பெரும்பாலும் அட்ரஸ் 1-இல்தான் வரும். அப்படியே மாட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். 1 முதல் 247 வரை இடமிருக்கிறது; ஒவ்வொன்றாக மாற்றி லேபிள் ஒட்டிய பிறகு பேனலுக்கு அனுப்புங்கள். பாட் ரேட், பேரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

4. எரர் மெசேஜைப் படித்துச் சொல்லுங்கள். டைம்அவுட் என்றால் வயர், அட்ரஸ், பாட் ரேட் பக்கம் போங்கள். சி.ஆர்.சி. எரர் அடிக்கடி வந்தால் நாய்ஸ், டெர்மினேஷன். எக்ஸப்ஷன் 02 என்றால் கேபிள் நன்றாகவே இருக்கிறது. மீட்டர் பதில் சொல்லிவிட்டது, நீங்கள் கேட்ட ரெஜிஸ்டர்தான் தப்பு. மேனுவலில் 40001 என்று இருப்பதைப் பல சாஃப்ட்வேர்களில் 0 என்று கொடுக்க வேண்டும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத எண் வந்தால் வேர்ட் ஆர்டரை மாற்றுங்கள். ரிவ்யூ மீட்டிங்கில் ஆளாளுக்கு கேபிளைக் குறை சொல்லும்போது, "எக்ஸப்ஷன் 02 வருது சார், வயரிங் ஓகே" என்று ஒரே வரியில் முடிக்கிறவரை கிளையன்ட் மறக்க மாட்டார்.

5. வேலை முடிந்ததும் அட்ரஸ், பாட் ரேட், அளந்த ஓம்ஸ், வோல்டேஜ் எல்லாம் ஒரு ஷீட்டில் போட்டு மெயில் அனுப்புங்கள், மேனேஜர் சி.சி.யில் இருக்க வேண்டும். அப்ரைசலுக்கு ஆதாரம் அதுதான்.

இன்டர்வியூவில் "மோட்பஸ் தெரியும்" என்று நிறுத்தாதீர்கள். ஐசொலேட்டட் யு.எஸ்.பி. கன்வர்ட்டர் ஒன்றை வாங்கிப் பழகி, "ஒரு லைனில் பாதி மீட்டர் வரவில்லை என்றால் முதலில் என்ன அளப்பேன்" என்று வரிசையாகச் சொல்லுங்கள். சம்பளப் பேச்சு அதற்குப் பிறகு.