கேமரா வாங்குமுன் ஜூமைப் பாருங்க

சகோதரிகளே, குழுவில் தைக்கும் துணிகளைப் படமெடுக்க பழைய சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கப் போகிறீர்களா? சங்கப் பணம். கடைக்காரர் "12 மெகாபிக்சல்" என்றதும் தலையாட்டிடாதீங்க. 6க்கு 4 அங்குலப் படம் அச்சடிக்க 2 மெகாபிக்சலே போதும்.

ஜூம்தான் முக்கியம். ஆப்டிக்கல் ஜூமில் லென்ஸே நகர்ந்து தூரத்துப் பொருளைக் கிட்டக் காட்டும். படம் தெளிவாக இருக்கும். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். நம்ம எம்ப்ராய்டரி வேலை மசமசன்னு தெரியும். அப்புறம் யார் வாங்குவாங்க? கேமரா மேலே "3 எக்ஸ் ஆப்டிக்கல்" என்று போட்டிருக்கான்னு படிச்சுப் பாருங்க.

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல்லில் ஓடுகிற கேமரா நமக்குத் தோது. ஆனால் சாதா செல் சீக்கிரம் தீர்ந்துவிடும், அல்கலைன் செல் போடுங்க. மெமரி கார்டு எஸ்டி வகையாக இருக்கட்டும். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்கள் சிலவற்றுக்கு வேண்டிய எக்ஸ்டி கார்டை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.