கொட்டகையில் ஒரு பயிற்சிக்களம்

பாடம் 6 – உரைநடை

நுழையும் முன்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது பழமொழி. கல்வி, கலை, தொழில் ஆகிய சித்திரங்கள் அனைத்திற்கும் உடலே சுவர். அச்சுவரைப் பேணுவதற்கு நம் வீட்டில் எவ்வளவு இடம் ஒதுக்கியுள்ளோம்? இவ்வினாவிற்கு விடை தேடுவதே இப்பாடம்.

வண்டிக்கு இடமுண்டு, நமக்கு?

ஹைதராபாத்தின் வடகிழக்குப் பகுதியில் உள்ளது குஷாய்குடா. 1967ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இ.சி.ஐ.எல். நிறுவனமும், அதனைச் சூழ்ந்து வளர்ந்த தொழிற்கூடங்களும் பல மாநில மக்களை இப்பகுதிக்கு அழைத்து வந்தன. தமிழ்நாட்டிலிருந்து பணியின் பொருட்டு வந்த குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். காப்ரா, ஏ.எஸ். ராவ் நகர், குஷாய்குடா எனப் பகுதிகள் நெருங்கி வளர வளர, வெற்று மனைகள் அடுக்குமாடி வீடுகளாயின. தெருவோரங்கள் வண்டிகளால் நிறைந்தன. ஓடி விளையாடும் இடம் மட்டும் சுருங்கிவிட்டது.

ஒரு மகிழுந்து நிற்பதற்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். அதாவது 12.5 சதுர மீட்டர். பல வீடுகளில் ஓர் அறையின் பரப்பே அவ்வளவுதான். வெயிலும் மழையும் படாதவாறு கூரை அமைத்து அவ்விடத்தை வண்டிக்குக் கொடுத்துள்ளோம். வீட்டில் வாழும் மனிதர் கைகால்களை நீட்டி மடக்குவதற்கு அதில் பாதியளவு இடத்தையேனும் கொடுத்துள்ளோமா?

உடற்பயிற்சிக் கூடங்கள் ஊரில் பல உள்ளனவே என்று நீங்கள் கேட்கலாம். உள்ளன, ஆயினும், அவை எல்லார்க்கும் எட்டுவன அல்ல. மாதக் கட்டணம் சில குடும்பங்களுக்குச் சுமையாகும். முறைமாற்றுப் பணி செய்யும் தந்தைக்கு அக்கூடத்தின் நேரம் பொருந்தாது. சமையலையும் அலுவலகத்தையும் ஒருங்கே தாங்கும் அன்னைக்குச் சென்று திரும்பப் பொழுது கிட்டாது. முழங்கால் வலியுடைய பாட்டி அவ்வளவு தொலைவு நடக்க இயலாது. வீட்டு வாயிலிலேயே களம் இருக்குமானால் இந்நால்வருக்கும் வழி பிறக்கும்.

எவ்வளவு பயிற்சி தேவை?

உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும். பெரியோருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் போதும். 65 வயதைக் கடந்தோர், தடுமாறி விழாமல் இருக்க, உடற்சமநிலையைப் பேணும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளேனும் செய்தல் நலம்.

இவ்வறிவுரையைப் புறக்கணிப்பதால் விளையும் கேடு சிறிதன்று. சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனம் தலைமையேற்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. நீரிழிவுக்குக் காரணங்கள் பல. உடலுழைப்புக் குறைவு அவற்றுள் ஒன்று. அது நம்மால் மாற்றக்கூடிய காரணமும் ஆகும்.

வீட்டிலேயே களம் கண்டவர்கள்

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில், இந்தியாவிற்குத் தனிநபர் பிரிவில் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர் துப்பாக்கிச் சுடுதல் வீரர் அபினவ் பிந்த்ரா. அவருக்காகப் பெற்றோர் வீட்டிலேயே சுடுதளம் அமைத்துத் தந்திருந்தனர். அத்தகைய வசதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எனினும், பயிற்சிக்களம் வீட்டருகே இருப்பதன் பயனை அது காட்டுகிறது.

2020இல் பெருந்தொற்றால் விளையாட்டரங்குகள் மூடப்பட்டபோது, உலகின் சிறந்த கோலூன்றித் தாண்டும் வீரர் மூவர் ஒரு புதுமை செய்தனர். மே 3ஆம் நாள், தத்தம் வீட்டுத் தோட்டத்தில் இருந்தபடியே அவர்கள் போட்டியிட்டனர். 5 மீட்டர் உயரத்தை 30 நிமிடத்தில் எத்தனை முறை தாண்டுவது என்பதே போட்டி. டுப்லான்டிஸ், லவில்லெனி ஆகிய இருவரும் 36 முறை தாண்டி வெற்றியைப் பகிர்ந்துகொண்டனர். கென்ட்ரிக்ஸ் 26 முறை தாண்டினார். அரங்கம் மூடப்பட்டாலும் அவர்கள் முயற்சியை மூடிவைக்கவில்லை.

நம் மரபிலும் இதற்குச் சான்று உண்டு. தமிழகத்துச் சிலம்பக் கூடங்களுக்கும், பழைய ஹைதராபாத்தில் தாலீம் எனப்படும் மற்போர்க் களங்களுக்கும் பளிங்குத் தரையோ பொறிகளோ தேவைப்படவில்லை. மண் தரையும் கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியுமே அங்குச் சிறந்திருந்தன. தோளைச் சுற்றி வீசிப் பழகும் கர்லாக்கட்டையை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து பரவிய கட்டை வீச்சு, 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் போட்டியாகவும் இடம்பெற்றது.

களம் அமைக்கும் முறை

முதலாவது, இசைவு. தனி வீடாயின் வீட்டாரைக் கலந்து பேசுக. அடுக்குமாடியின் தூண்களுக்கு இடைப்பட்ட கீழ்த்தளமாயின், அது குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவானது. குடியிருப்போர் சங்கத்தின் இசைவைப் பெற்ற பின்னரே பயன்படுத்துக. படிக்கட்டு, மின்கருவிப் பெட்டி, வெளியேறும் வழி ஆகியவற்றை ஒருபோதும் மறைத்தல் கூடாது.

இரண்டாவது, அளவு. ஒருவர் கைகளை விரித்துப் படுத்து எழுவதற்கு 2.5 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் போதும். அதன் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைக. கர்லாக்கட்டை சுழற்றுவதாயின், நீட்டிய கையின் நீளத்துடன் கட்டையின் நீளத்தையும் கூட்டி, அவ்வளவு வெற்றிடம் எல்லாப் பக்கமும் இருத்தல் வேண்டும். கயிறு தாண்டுவதாயின் தலைக்கு மேலும் இடம் தேவை. மின்விசிறி தாழ்ந்திருக்கும் இடத்தைத் தவிர்க்க.

மூன்றாவது, காற்று. இதுவே அனைத்தினும் இன்றியமையாதது. மூடிய கொட்டகையில் வண்டியின் பொறி ஓடினால் கார்பன் மோனாக்சைடு வளி சேரும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. ஆதலால், அது சேர்வதை நம் புலன்கள் உணரமாட்டா. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணையும் ஆற்றல் அவ்வளிக்கு உண்டு. பயிற்சியின்போது நாம் ஆழ்ந்து மூச்சிழுப்பதால் தீங்கும் மிகும். எனவே, பெரியவர் ஒருவர் வண்டியைத் தள்ளிச்சென்று வெளியே நிறுத்திய பின்னரே பொறியை இயக்குதல் வேண்டும். கதவையும் சாளரத்தையும் நன்கு திறந்துவைத்து, புகை முற்றும் நீங்கிய பின்னரே பயிற்சியைத் தொடங்குக. பெட்ரோல் கலன், வண்ணப்பூச்சு, பூச்சிமருந்து ஆகியவற்றைக் களத்தினின்று அகற்றுக.

நான்காவது, தரை. எண்ணெய்க் கறையைக் கழுவித் துடைத்து உலர விடுக. கற்காரைத் தரை கடினமானது. குதிக்கும்போது முழங்காலை வருத்தும். 1 மீட்டர் சதுர ரப்பர் விரிப்புகள் ஐந்து இருந்தால், ஒன்றை இரு பாதியாக வெட்டி இட, மேற்கூறிய 5 சதுர மீட்டர் இடம் முழுதும் நிரம்பும். மழைக்காலத்தில் விரிப்பின் அடியில் ஈரம் தங்கும். வாரம் ஒருமுறை தூக்கி உலர்த்துக.

ஐந்தாவது, கருவி. விலை மிகுந்த பொறிகள் வேண்டா. 1 லிட்டர் நீர் நிறைந்த குடுவையின் எடை ஏறத்தாழ 1 கிலோ, அதுவே கைப்பளுவாகும். தாண்டுகயிறு ஒன்று, பாட்டி அமர்ந்து எழுவதற்கு அசையாத நாற்காலி ஒன்று, சுவரில் ஒரு கடிகாரம் ஆகியன தொடக்கத்திற்குப் போதும். தண்ணீர்க் குழாயிலோ மின்குழாயிலோ தொங்குதல் பேரிடர் விளைக்கும்.

ஆறாவது, பொழுது. ஹைதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. தகரக் கூரையின்கீழ் வெம்மை இன்னும் மிகும். ஆதலின் கோடையில் வைகறைப் பொழுதே ஏற்றது. பருகும் நீர் அருகில் இருக்கட்டும்.

முறையறிந்து பயில்க

முதலில் மெல்ல நடந்தும் மூட்டுகளைச் சுழற்றியும் உடலை வெதுவெதுப்பாக்குக. பின்னர் தண்டால், பஸ்கி, கயிறு தாண்டுதல் முதலியவற்றைச் செய்க. இறுதியில் தசைகளை மெல்ல நீட்டி, மூச்சு அடங்கும்வரை நடந்து நிறைவு செய்க. வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்திப் பெரியோரிடம் கூறுக.

பெரும்பளுவைத் தனியே தூக்க முயலாதீர். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149 கிலோவும் 179 கிலோவும் தூக்கித் தங்கம் வென்றார். தேசிய அளவில் பளுதூக்கியவரான தந்தையின் வழிகாட்டுதலும், பயிற்றுநர் மேற்பார்வையில் பல்லாண்டு பெற்ற பயிற்சியும் அவ்வெற்றிக்குப் பின்னே நிற்கின்றன. காணொளியைக் கண்டு ஒரே நாளில் கற்கும் வித்தையன்று அது.

களம் யாருக்கு?

களம் அமைத்த சில நாள்களில், அண்ணனே அதனை முழுவதும் கைக்கொள்வதும், தங்கை ஓரமாய் நின்று பார்ப்பதும், அன்னை விரிப்பைத் துடைப்பவராக மட்டும் ஆவதும் பல வீடுகளில் நேரக்கூடியவை. அவ்வாறு நேரின், கொட்டகை மாறியதேயன்றி வீடு மாறவில்லை என்பதே பொருள். எனவே, நேர அட்டவணை ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டுக. அதன் முதல் வரியில் அன்னையின் பெயரை எழுதுக. அவர் பயிலும் அரைமணி நேரத்தில் அடுக்களைப் பணியைப் பிறர் ஏற்பீராக. 12.5 சதுர மீட்டரில் நாம் மீட்டெடுப்பது இடத்தை மட்டுமன்று. ஒருவர்க்கொருவர் ஒதுக்கித் தரும் பொழுதையும் ஆகும்.

அருஞ்சொற்பொருள்

இசைவு – சம்மதம்
கற்காரை – கான்கிரீட்
வளி – காற்று, வாயு
வைகறை – விடியற்காலம்
அடுக்களை – சமையலறை
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

மொழியை அறிவோம்

நிலைமொழியின் இறுதியில் ‘ல்’ நின்று, வருமொழி க, ச, ப ஆகிய வல்லின வரிசையில் தொடங்கினால், வேற்றுமைப் புணர்ச்சியில் ‘ல்’ என்பது ‘ற்’ எனத் திரியும்.

உடல் + பயிற்சி = உடற்பயிற்சி
மல் + போர் = மற்போர்

சேர்த்து எழுதுக:
1. கடல் + கரை
2. பல் + பொடி
3. சொல் + பொருள்
4. கல் + சிலை

மதிப்பீடு

அ) ஓரிரு தொடரில் விடை தருக.
1. கார்பன் மோனாக்சைடு சேர்வதை நம் புலன்கள் ஏன் உணர்வதில்லை?
2. கர்லாக்கட்டை சுழற்றும் இடத்தின் அளவை எவ்வாறு கணக்கிடுதல் வேண்டும்?
3. சதீஷ் சிவலிங்கம் 2014இல் தூக்கிய மொத்த எடை எவ்வளவு?

ஆ) ஒரு பத்தியளவில் விடை தருக.
1. உடற்பயிற்சிக் கூடங்கள் எல்லார்க்கும் எட்டுவன அல்ல என்று பாடம் கூறக் காரணங்கள் யாவை?
2. “கொட்டகை மாறியதேயன்றி வீடு மாறவில்லை” – இத்தொடரின் பொருளை விளக்குக.

இ) கடிதம் எழுதுக.
உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாள்தோறும் காலை ஒரு மணிநேரம் உடற்பயிற்சி செய்ய இசைவு வேண்டி, குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதுக. பிறர்க்கு இடையூறு நேராதவாறு நீங்கள் மேற்கொள்ளும் ஏற்பாடுகளையும் குறிப்பிடுக.

ஈ) செயல்பாடு
உங்கள் வீட்டில் வண்டி நிற்கும் இடத்தை அளந்து பரப்பைக் கண்டறிக. தாத்தா, பாட்டி அல்லது ஊரிலுள்ள உறவினரிடம் அவர்கள் இளமையில் செய்த பயிற்சிகளையும் ஆடிய விளையாட்டுகளையும் தமிழில் கேட்டறிந்து, ஐந்து சொற்களையேனும் குறிப்பேட்டில் எழுதி வருக.