கொடுவாக் குஞ்சுகளுக்குள் மூளும் பகை

தாம்பரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சில வீடுகளில் கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கின்றனர். ஒரு மீன் மற்றொன்றைத் துரத்திக் கடிக்கிறது என்பதே அவர்கள் கூறும் முதற்குறை. டேம்சல் என்னும் சிறு கடல் மீன் தொட்டியின் ஒரு மூலையைத் தன் எல்லையாகக் கொண்டு, அருகில் வரும் மீன்களை விரட்டும். கற்களை இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லை மறைந்து சண்டை பெரும்பாலும் தணியும். அது இடத்திற்காக நடக்கும் பூசல். கடலோரக் கிராமங்களில் கொடுவாக் குஞ்சு வளர்ப்போர் காணும் பூசலோ வயிற்றுக்காக நடப்பது. அதற்குக் கல்லை நகர்த்தும் வைத்தியம் பயன்படாது.

கொடுவாக் குஞ்சுகளை முன்னர்க் கழிமுகங்களில் பிடித்தே வளர்க்க வேண்டியிருந்தது. 1987-இல் நிறுவப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-இல் முட்டுக்காட்டில் இம்மீனை அடைப்பில் வைத்தே இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டது. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாக அவ்விடத்தை எளிதில் அடையலாம். உப்பு நீரில் பிறந்தாலும், சிறிது சிறிதாகப் பழக்கினால் கொடுவா நன்னீரிலும் வளரும். ஆகையால் உள்நாட்டு விவசாயிகளும் இதனை அறிந்திருத்தல் நலம்.

நான் அறிந்த ஓர் அன்பர் விலை கொடுத்துக் குஞ்சுகளை வாங்கி வலைத் தொட்டிலில் விட்டார். மூன்றே வாரத்தில் பாதிக்கு மேல் காணவில்லை. இறந்த மீன் ஒன்றும் மிதக்கவில்லை, வலையும் கிழியவில்லை. முதலில் கொக்கின் மேல் ஐயம் கொண்டார். பிறகு அண்டை வீட்டார் மேல்! திருடியது உள்ளே இருந்த மீனே. எஞ்சிய குஞ்சுகளில் சில மட்டும் மற்றவற்றைக் காட்டிலும் மிகப் பெரியனவாய் இருந்ததைக் கண்ட பிறகே அவருக்கு உண்மை விளங்கிற்று.

கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குள்ள குஞ்சை விழுங்க வல்லது. 6 சென்டி மீட்டர்க் குஞ்சுக்கு 4 சென்டி மீட்டர்க் குஞ்சு இரையாகும். விழுங்கியது மேலும் விரைந்து வளரும். வளர வளர, அது விழுங்கத்தக்க குஞ்சுகளும் மிகும். ஆகவே ஒரே வயதுக் குஞ்சுகளை வாங்கியது மட்டும் போதாது. அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இதற்குரிய முறை தரம் பிரித்தலே. ஒரே அளவான துளைகள் இட்ட பிளாஸ்டிக் பேசினை நீரில் மிதக்கவிட்டு, குஞ்சுகளை அதில் இட்டால் சிறியவை துளை வழியே வெளியேறும், பெரியவை தங்கிவிடும். துளையளவு வேறுபட்ட இரண்டு மூன்று பேசின்கள் இருந்தால் மூன்று வகுப்பாகப் பிரித்து, தனித்தனி வலையில் விடலாம். சிறு பருவத்தில் 3 அல்லது 4 நாட்களுக்கு ஒருமுறையும், சற்று வளர்ந்தபின் வாரம் ஒருமுறையும் இதனைச் செய்ய வேண்டும். வெயில் ஏறுமுன், இரை போடுவதற்கு முன்னரே செய்வது நன்று; வயிறு நிறைந்த குஞ்சு கையாளுதலைத் தாங்காது. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் குறித்து வைத்தால், குறைவு எந்த வாரத்தில் நேர்ந்தது என்பது தெரியும். பலர் இதைச் சலிப்பான வேலை என்று விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

இரையும் முக்கியம். பசித்த குஞ்சே பக்கத்துக் குஞ்சைத் தேடும். ஒரு நாளைய இரையை ஒரே வேளையில் கொட்டாமல், பல வேளையாகப் பிரித்து, வலை முழுவதும் பரவும்படி தூவ வேண்டும். ஒரே மூலையில் போட்டால் வலியவை உண்ணும், எளியவை மெலியும், அளவு வேறுபாடு மறுபடியும் தோன்றும்.

8 முதல் 10 சென்டி மீட்டர் வரை வளர்ந்த பிறகே குஞ்சுகளைக் குளத்தில் விடலாம். அப்பொழுதும் ஒத்த அளவுள்ளவற்றையே ஒரு குளத்தில் விட வேண்டும். பஞ்சாயத்துக் குளங்களைக் குத்தகைக்கு எடுப்போர்க்கு மற்றொன்றும் கூற வேண்டும். கட்லா, ரோகுக் குஞ்சுகள் விட்ட குளத்தில் கொடுவாவைச் சேர்த்து விடுதல் கூடாது. குத்தகைப் பத்திரம் எழுதும்போதே, எந்த மீன் வளர்க்கப்படும் என்பதைப் பஞ்சாயத்தார் அதில் குறிப்பிடச் செய்யலாம்.