வாகனம் ஓட்டாமல் இருவர் ஊவாவைச் சுற்ற

சாரதியுடன் வாகனம் அமர்த்தினால் பயணச் செலவின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். புகையிரதமும் பேருந்தும் ஓடும் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில் அது தேவையுமில்லை.

1. எல்லவில் தங்காமல் பதுளையிலோ பண்டாரவளையிலோ ஓர் அறையைப் பகிர்க. வெளிநாட்டார் குவியும் எல்லவில் வாடகையும் உணவு விலையும் கூடுதல்.

2. பதுளையிலிருந்து ஹப்புத்தளைக்கு முன்பதிவற்ற, அதாவது ஆசன எண் குறிக்கப்படாத, மூன்றாம் வகுப்புச் சீட்டில் செல்க. பதுளையே பாதையின் முனையம் என்பதால், அங்கு நேரத்துடன் ஏறுவோருக்கு ஜன்னலோர இடம் கிடைப்பது எளிது. தெமோதரையில், குன்றைச் சுற்றிவரும் தண்டவாளம் அந்நிலையத்திற்குக் கீழேயே சுரங்கவழி செல்வதைத் தவறவிடலாகாது.

3. லிப்டன் சீட் எனப்படும் மலைமுகட்டுக்கு, ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை பேருந்திலும், அதற்கு மேலுள்ள ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஏற்றத்தை முச்சக்கர வண்டியிலும் விடியற்காலையிலேயே கடந்து, இறங்கும்போது நடந்து வருக. முற்பகலிலேயே மூடுபனி காட்சியை மறைத்துவிடுவதுண்டு, இறக்கத்தில் நடப்பதால் வண்டிக் கூலியும் குறையும். கொழுந்து பறிப்போரைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்பது மரியாதை.

4. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா என விசாரிக்க. மழைக்கால மண்சரிவு புகையிரதச் சேவையை நிறுத்தக்கூடும்.

5. இருவரும் சமதொகை இட்ட பொதுப்பணத்திலிருந்தே சீட்டும் உணவும் வாங்குக. சில்லறைக் கணக்கே பெரும்பாலும் நண்பரைப் பிணங்கச் செய்கிறது.