பூனைக்கு உணவு எழுதித் தரும் இளம் மருத்துவருக்கு

அன்புள்ள இளம் கால்நடை மருத்துவருக்கு,

மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக ரத்தம் கலந்து போகிறது என்று பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், கிளம்பும்போது தவறாமல் கேட்பது "டாக்டர், இனிமேல் எந்த ஃபுட் போடலாம்?" என்பதைத்தான். ஒரு கம்பெனியின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்புவது எளிது. அதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியது, இந்தப் பூனையின் உடலுக்குள் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை. சிறுநீர்ப்பையைக் காக்கும் உணவைத் தேர்வது முதலில் தண்ணீர்க் கணக்கு, அதற்குப் பிறகுதான் தாது உப்புகளின் கணக்கு என்பதே இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது. ஒரே ஒரு விலக்கு உண்டு. கடுவன் பூனைக்குச் சிறுநீர் முழுதாக அடைத்திருந்தால் அது உணவைப் பற்றிப் பேசும் நேரமல்ல. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். அடைப்பை நீக்கிப் பூனை தேறிய பிறகுதான் உணவுப் பேச்சு.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. இரையின் உடலில் இருக்கும் நீரே அதன் தேவையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். ஓர் எலியின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் நீர்தான். பூனையின் தாகம் மந்தமானது, சிறுநீரகமோ நீரைக் கடைசிவரை பிழிந்தெடுக்கும் திறன் கொண்டது. இந்த உடலுக்கு நாம் கொடுக்கும் உலர் உணவில் நீர் 10 சதவீதத்துக்கும் குறைவு. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குத் தோராயமாக 200 கிலோ கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர் உணவில் அது 50 கிராம். அதோடு உள்ளே போகும் நீர் 5 மில்லி லிட்டர்கூடத் தேறாது. பாக்கெட்டில் வரும் ஈர உணவில் அதே கலோரிக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டும். அதில் 160 மில்லி லிட்டருக்குக் குறையாமல் நீர் இருக்கும். உலர் உணவு தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கிறது, உண்மைதான். ஆனால் குடித்ததையும் சேர்த்துக் கூட்டினாலும் ஈர உணவுப் பூனையின் அளவை அது எட்டுவதில்லை. உப்பளத்தில் நீர் சுண்டச் சுண்ட உப்பு பூப்பதுபோல, சுண்டிய சிறுநீரில்தான் படிகம் சேரும்.

தாது உப்புகளை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. சிறுநீர்க் கல்லுக்கான பழி முதலில் உணவின் சாம்பல் சத்தின்மேல் விழுந்தது, பிறகு மெக்னீசியத்தின்மேல். 1980களில் சிறுநீரின் அமில காரத் தன்மைக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்று தெரிந்ததும், கம்பெனிகள் மெக்னீசியத்தைக் குறைத்துச் சிறுநீரை அமிலமாக்கும் உணவுகளைக் கொண்டுவந்தன. அமெரிக்காவின் மினசோட்டா சிறுநீர்க்கல் மையத்துக்கு வந்த பூனைக் கற்களில் 1980களின் தொடக்கத்தில் மெக்னீசியம் கலந்த ஸ்ட்ருவைட்தான் பெரும்பான்மை. கால்சியம் ஆக்ஸலேட் மிகச் சொற்பம். 2000களின் தொடக்கத்தில் ஆக்ஸலேட் பாதியைத் தாண்டிவிட்டது. இதற்கு அமில உணவு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உடல் அமிலமாகும்போது சிறுநீரில் கால்சியம் கூடுகிறது என்பதை அறிவோம். ஒரு கல்லுக்குப் பகையானது இன்னொரு கல்லுக்கு உறவாகலாம். தண்ணீர் அப்படிப் பக்கம் மாறுவதில்லை. எந்தக் கல்லின் மூலப்பொருளானாலும் அதன் அடர்த்தியைக் குறைக்கிறது.

கல்லே இல்லாத பூனைகளுக்கும் இது பொருந்தும். பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் சிறுநீர்த் தொல்லையோடு வருபவற்றில் பாதிக்கு மேல் காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சிதான். கிருமித் தொற்று இந்த வயதில் அரிது. அதனால் கை தானாக ஆன்டிபயாட்டிக் எழுதப் போவதைத் தடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் மார்க்வெல், பஃபிங்டன், ச்யூ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், அழற்சி வந்த பூனைகளுக்குச் சிறுநீரை அமிலமாக்கும் ஒரே வகை உணவை உலர்ந்ததாகவும் ஈரமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் நோய் திரும்பியது உலர் உணவுக் குழுவில் 39 சதவீதம், ஈர உணவுக் குழுவில் 11 சதவீதம். சிறிய ஆய்வுதான், அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் உணவின் வகையை மாற்றாமல் ஈரத்தை மாற்றியதிலேயே இவ்வளவு வேறுபாடு வந்தது கவனிக்க வேண்டியது.

"சிறுநீர் நோய்க்கென்றே விற்கும் உலர் உணவு வேலை செய்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறது. ஸ்ட்ருவைட் கல்லைக் கத்தி வைக்காமல் சில வாரங்களில் கரைக்க அந்த உணவால் முடியும். அதை முயலாமல் அறுவைக்குப் போவது தவறு. ஆனால் கால்சியம் ஆக்ஸலேட் எந்த உணவுக்கும் கரையாது. இரண்டும் எக்ஸ்ரேயில் தெரியக்கூடியவை என்பதால், கல் தெரிந்ததை மட்டும் வைத்து, அது எந்தக் கல் என்று யோசிக்காமல் பாக்கெட்டை எழுதினால் பூனைக்கு வாரங்கள் வீணாகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த சிறுநீரில் படிகம் தானாகவே உண்டாகலாம். ஆரோக்கியமான பூனையிலும் படிகம் இருக்கலாம். படிகத்தைப் பார்த்ததுமே வாழ்நாள் முழுவதற்கும் அமில உணவு எழுதிவிடாதீர்கள். குட்டிகளுக்கு அது ஆகவே ஆகாது.

"ஈர உணவு விலை கட்டுப்படியாகாது" என்பது இதைவிடக் கனமான மறுப்பு. நடுத்தரக் குடும்பம் தினமும் இரண்டு மூன்று பாக்கெட் வாங்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டே பேசுங்கள். ஒரு வேளைக்கு ஈர உணவு, மறுவேளைக்குத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த உலர் உணவு என்று பிரிக்கலாம். நம் வெயிலில் ஊறிய உணவு சீக்கிரம் கெடும். மிஞ்சியதை உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். "மீனும் சோறும் ஈரம்தானே, அதையே போடுகிறோம்" என்பார்கள் சிலர். ஈரம் சரி, ஊட்டம் போதாது. டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து விரியும் என்று 1987இல் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். அரிசிச் சோற்றில் டாரின் இல்லை. எலும்பில்லாத மீனில் கால்சியம் குறைவு. ஆகவே மீன்சோறு முழு உணவாகாது. உப்புப் போடாமல் மீன் வேகவைத்த நீரை, முழுமையான பூனை உணவின்மேல் ஊற்றலாம். செலவில்லாமல் தண்ணீர் உள்ளே போகும்.

உணவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்க்காது. நாள் முழுக்க அறைக்குள் அடைபட்டு, இன்னொரு பூனைக்கு அஞ்சி, ஒரே மணல் தட்டைப் பங்குபோடும் பூனைக்கு மனஅழுத்தமே நோயைத் திரும்ப அழைத்துவரும், அதையும் விசாரியுங்கள். பிறகு மருந்துச் சீட்டில் உணவின் பெயரோடு சிறுநீரின் ஒப்படர்த்தி இலக்கையும் எழுதுங்கள்: 1.030க்குக் கீழே. சோதனைப் பட்டையில் உள்ள ஒப்படர்த்திக் கட்டத்தைப் பூனைக்கு நம்ப வேண்டாம், ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். நான்கு வாரம் கழித்து வரச் சொல்லி மீண்டும் அளந்து, எண் இறங்கவில்லையென்றால் உணவு கொடுக்கும் முறையை மாற்றுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தது சரியா என்பதை விளம்பரமோ விலையோ சொல்லாது, அந்த எண் சொல்லும்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்த ஒருவர்